ஆறு காம்பராவுக்கு நாலு நாற்காலி

அன்பு மகன் அருளுக்கு,

இந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படி. எழுத்து ஓர் இடத்தில் பூசணிக்காய் மாதிரியும் ஓர் இடத்தில் எறும்பு மாதிரியும் இருக்கும். கோட்டின் மேல் நிற்கத்தான் வைக்கிறேன், அதுவாகச் சரிந்து கீழே இறங்கிவிடுகிறது. பொறுத்துக்கொள். ஆயுசெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடிகளைக் கழித்த கை இது. கிளையை வெட்டுகிற பலத்தோடு பேனாவையும் அழுத்திவிடுகிறேன், தாள் கிழிந்துபோகிறது. கிழிந்த தாள்களைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற செல்வி அடுப்பு பற்றவைக்கக் கொண்டுபோகிறாள். "மாமா, இன்னும் ரெண்டு கடுதாசி எழுதுங்க, ஒரு கிழமைக்கு மண்ணெண்ணெய் மிச்சம்" என்கிறாள்.

ஆமாம் மகனே, நானேதான் எழுதுகிறேன். இது யாருடைய கையெழுத்து என்று தேடாதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு மாதா கோயிலில் உபதேசியார் எங்களைப் போல வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். முதலில் ஆறேழு பேர் போனோம், இப்போது நானும் இரண்டு கிழவிகளும்தான். அந்தக் கிழவிகள் என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? போன மாதம் லுணுகலைக் கடைத்தெருவில் நின்றேன். ஒரு பஸ் வந்தது. பழக்கத்தில், "தம்பி, இது எங்க போற பஸ்?" என்று ஒரு பையனைக் கேட்டுவிட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் என் கண் போர்டைப் படித்துவிட்டது. மொனராகலை! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பையன் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து இரண்டடி தள்ளிப் போனான். சவர்க்கார உறை, தீப்பெட்டி, கோயில் சுவரில் செத்தவர்களின் பெயர், எதையும் படிக்காமல் விடுவதில்லை. உன் அம்மாவின் கல்லறைச் சிலுவையில் இத்தனை வருடமாக அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. போன கிழமைதான் கண்டுபிடித்தேன். கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த வயதில் எழுத்து எதற்கு என்று நீ கேட்கப் போவதில்லை. காரணம் உனக்குத் தெரியும். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் பண்டாரவளையில் ஷாமினியோடு கல்யாணம் என்று போனில் சொன்னாய். கல்யாணம் முடிக்கப் போகிற பிள்ளைக்கு அப்பா நாலு புத்தி எழுதுவது நல்லது என்று உபதேசியாரும் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் நீ எனக்குச் செய்ததை எழுதாமல் புத்தி மட்டும் எழுதினால் அது பொய்க் கடிதமாகிவிடும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். அதில் என் பங்கும் உண்டு. சாமான் விலையெல்லாம் ஏறி, மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கிறது என்று சொன்னார்கள். யார் இல்லாதவர்கள் என்று வீடு வீடாக வந்து பார்ப்பார்களாம். நம் லயத்து வரிசையில் ஆறு வீட்டுக்கும் ஓர் ஆள் வருகிறார் என்று முதல் நாளே செய்தி வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலும், பொண்ணு பார்க்க வந்தாலும், லயத்தில் உள்ள நல்ல சாமானெல்லாம் அந்த ஒரு காம்பராவுக்கு வந்து சேரும். நம் லயத்துச் சந்தனத்தின் மகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய நாலு சிவப்பு நாற்காலி, மூன்றாம் காம்பரா டிவி, செல்வியின் கண்ணாடிக் கிளாஸ், கடைசிக் காம்பரா காஸ் அடுப்பு. உன் வேலைக் கடிதம் வந்த அன்று நீ உட்கார்ந்து படம் பிடித்ததும் அந்தச் சிவப்பு நாற்காலியில்தான்.

செல்வி ஒருத்திதான் கேட்டாள். "மாமா, இல்லாத வீடுன்னு பார்க்கத்தான வர்றாங்க? அப்புறம் எதுக்கு நாற்காலியத் தூக்கிக்கிட்டு?" நான்தான் அவளை அதட்டினேன். "அதுக்காக வீடு தேடி வர்ற மனுசன சாக்குல உக்கார வைக்கச் சொல்றியா?" என்றேன். அவள் உள்ளே போய்த் தன் கண்ணாடிக் கிளாஸைக் கழுவி எடுத்துவந்தாள். சந்தனம் மட்டும், "நாற்காலியக் குடுக்கிறேன், ஆனா அந்த கால் ஆடுற நாற்காலியில சேர உக்கார வச்சிடாதீங்க. விழுந்தார்னா நம்ம எல்லாரையும் பணக்காரன்னு எழுதிட்டுப் போயிடுவாரு" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

அந்த ஆள் நல்ல பையன்தான். கையில் போன் வைத்திருந்தான், எல்லாவற்றையும் அதிலேயே பதிந்தான், படமும் பிடித்தான். முதல் காம்பராவில் தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் முன்பக்க இஸ்தோப்பில் நின்று பெயர் விவரம் கேட்கிற நேரத்தில், நாற்காலியும் டிவியும் அடுப்பும் பின்னால் குசினிப் பக்கமாக அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டன. அங்கே முடிந்ததும் அதற்கு அடுத்தது. ஆறு காம்பராவிலும் அவன் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கிளாஸில் தேத்தண்ணி குடித்து, ஒரே டிவியைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு! சந்தனம் அந்தப் பையன் மாதிரி உட்கார்ந்து காட்டினான். பிறகு நம் காம்பராவில் அவன் என்னைக் கேட்டது ஞாபகம் வந்தது. "ஐயா, பிள்ளைங்க யாராவது சம்பாதிக்கிறாங்களா?" "என் மகன் கவர்மெண்டு ஆபீஸ்ல." "வீட்டுக்குப் பணம் அனுப்புறாரா?" அதற்கு நான் என்ன சொல்லுவேன்? "அனுப்பாம இருப்பானா?" என்றேன். நீ கடைசியாக எப்போது அனுப்பினாய் என்று எனக்கும் உனக்கும் தெரியும். பெற்ற பிள்ளையை அடுத்தவன் முன்னால் எப்படி விட்டுக் கொடுப்பது? உன் சம்பளத்தையும் நம் வீட்டு வருமானம் என்று அவன் பதிந்துகொண்டான்.

பட்டியல் வந்தபோது நம் லயத்தில் ஒருவர் பெயரும் இல்லை. கீழ் லயத்தில் சாக்கு விரித்து உட்கார வைத்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தோட்டத்தில் எல்லாம் கூடிவிட்ட மாதிரித்தான் தெரியும். சம்பளம் கூடியது என்று ரேடியோவில் சொல்கிறார்கள், அது பொய் இல்லை. சம்பளம் கூடியபோது எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் கூடியது. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலி. வேலை கொடுக்கிற நாளும் குறைந்துவிட்டது. கடையில் ஏறிய விலை இறங்கவில்லை. முன்பு நம் லயத்தில் ஏழை என்று தனியாக ஒருவரைக் காட்ட முடியாது. எல்லா அடுப்பிலும் ஒரே ரொட்டி, ஒரே சம்பல். இப்போது ஒரே கூரைக்குக் கீழே மேடும் பள்ளமும் வந்துவிட்டது. வெளிநாட்டில் மகள் இருக்கிற சந்தனம் கோழி சமைக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் செல்வி மகளுக்கு ஒரு வேளையும் தனக்கு வெறும் தேத்தண்ணியுமாகப் பார்த்துக்கொள்கிறாள். கோழி வாசம் வருகிற அன்று அவள் தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் துணி துவைப்பாள். சந்தனமும் கெட்டவன் இல்லை, ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புவான். ஆனால் கொடுக்கிற கை எப்போதும் ஒரே கையாகவும் வாங்குகிற கை எப்போதும் ஒரே கையாகவும் ஆகிவிட்டால், அந்த லயம் பழைய லயம் இல்லை மகனே.

இவ்வளவும் உனக்குத் தெரியும். பட்டியல் வந்த கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தாய். நாற்காலிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து மேன்முறையீடு எழுதினாய். உன் எழுத்து முத்து மாதிரி இருந்தது. படிக்கத் தெரியாத நானே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்து வைத்தார்கள், நான் பெருவிரலை வைத்தேன். "எங்க ஆபீஸ்லதான் எடுக்கிறாங்க, நானே நேரா குடுத்துர்றேன், ஒருத்தரும் அலைய வேணாம்" என்று சொன்னாய். செல்வி உனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அவளுக்கு முட்டை எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மாதங்கள் போயின. போனில் கேட்டால், "பார்த்துக்கிட்டு இருக்காங்கப்பா" என்றாய். செல்வியின் மகள் பிரியா பஸ் காசு இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு விட்டு விட்டுப் போய், பிறகு நின்றேவிட்டாள். உன்னிடம் கணக்குப் பாடம் கேட்க ஓடிவருகிற அந்தப் பிரியாதான். ஒரு நாள் காலையில் தரகர் ஒருத்தி வந்து கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அவளைக் கூட்டிப் போனாள். "அருள் அண்ணன்கிட்ட பேப்பர் என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க தாத்தா. பேர் வந்தா நான் திரும்பி வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் நான் உன் ஆபீஸுக்கு வந்தேன். சந்தனமும் வருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். நல்ல வேளை.

கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் பிள்ளை மரியாதையானவள். தேடிப் பார்த்தாள், இன்னொருவரையும் கேட்டாள். அந்த லயத்தில் இருந்து மேன்முறையீடு ஒன்றும் வரவில்லை என்றாள். "இல்லைங்க நோனா, அருள் சேர்கிட்ட குடுத்தோம்" என்றேன். என் மகன் என்று சொல்லவில்லை. அது உன் வாயில் இருந்து வரட்டும், அந்தப் பிள்ளை ஆச்சரியப்படட்டும் என்று ஆசைப்பட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் அதற்காகத்தான். அவள் உன்னைக் கூப்பிட்டாள். நீ படியில் இறங்கி வந்து என்னைப் பார்த்து நின்றாய். யார் இவர் என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். நீயும் சிங்களத்தில் பதில் சொன்னாய். எங்கள் பக்கத்து ஆள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாய்.

அருள், எனக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. கேட்டால் விளங்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான்.

பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனாய். எனக்கு ஒரு மீன் பனிஸ், உனக்கு ஒன்று. நீ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அப்பா, அந்தப் பேப்பர நான் குடுக்கல. பேரெல்லாம் வெளிய ஒட்டுவாங்க. தோட்டத்துப் பேரு, லயத்து நம்பரு எல்லாத்தோடயும். ஷாமினி வீட்ல யாராவது பார்த்தா?"

"பார்த்தா என்னா?"

"உங்கள தோட்டத்து ஆபீஸ் ஸ்டாப்புன்னு சொல்லியிருக்கேன். ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு. குவாட்டர்ஸ்ல இருக்கோம்னு."

"டே, நம்ம குவாட்டர்ஸ்ல எத்தன ரூமுடா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. உன் காது மட்டும் சிவந்தது, சின்னப் பிள்ளையில் சிவக்கிற மாதிரி. "எனக்கும் பத்தலப்பா. ரூம் வாடகை, மோட்டர் சைக்கிள் லீசிங்கு, கல்யாணச் செலவு. ஆபீஸ்ல இருக்கிற எல்லாரும் வசதியான வீட்டு ஆளுங்க. நான் மட்டும் லயத்துல இருந்து வந்தவன்னு தெரிஞ்சா..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாய். நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிஸில் பாதியைச் சாப்பிட்டாய். மீதியைக் கடைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். அது ராத்திரிச் சாப்பாடு என்று நீ சொல்லாமலே தெரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "பெரியவர், இன்னொரு தேத்தண்ணி?" என்று கேட்டபோது நீ அவசரமாக வேண்டாம் என்றாய்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் ஒரு பக்கம், உன் பாதிப் பனிஸ் ஒரு பக்கம். உன்னைத் திட்ட நினைத்தால் அந்தத் தாள் மடிப்பு கண்ணில் வருகிறது. அதை நினைத்து இரங்கினால் பிரியாவின் பள்ளிக்கூடப் பை வருகிறது. அந்தப் பை இன்னும் செல்வி வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. நீயும் இரவல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய் மகனே. வருகிறவர்கள் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் நாங்கள் தூக்கிவைத்தோம், நீ ஒவ்வொரு நாளும் தூக்கிவைக்கிறாய். எங்கள் நாற்காலி எங்கள் சோற்றைத்தான் கெடுத்தது. உன்னுடையது உன்னை நம்பிய ஆறு வீட்டுச் சோற்றைக் கெடுத்துவிட்டது. முதல் தடவை நான் என் பெருமைக்காகச் சறுக்கினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் தடவை எங்கள் ஆறு பெருவிரலையும் கையெழுத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், போனில் என்னிடம் "பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று சொன்னவன் நீ. தெரியாதவன் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

லயத்துக்கு வந்து என்ன சொன்னேன் தெரியுமா? பேப்பர் ஆபீஸில் காணாமல் போய்விட்டது என்றேன். "காணாப் போச்சா? ஆபீஸ்ல நம்ம பிள்ள ஒண்ணு இருந்தும் நம்ம பேப்பர்தான் காணாப் போகணுமா?" என்று சந்தனம் கேட்டான். செல்வி என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உபதேசியாரிடம் போய், எனக்கு எழுத்துச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். "எதுக்குங்க இந்த வயசுல?" என்றார். "ஒரு பேப்பர் எழுதணும். அத வேற ஆள் கையில குடுக்க முடியாது" என்றேன். அப்படித் தொடங்கியதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

இப்போது அது எழுதியாகிவிட்டது. மறுபடியும் மேன்முறையீடு எடுக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். நாற்காலிக் கதையை அப்படியே எழுதியிருக்கிறேன். அதிகாரி எங்கள் ஆறு வீட்டிலும் பார்த்த நாற்காலிகள் ஒரே நாற்காலிகள், நம்பாவிட்டால் படங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள், ஒரு நாற்காலியின் கையில் மெழுகுவர்த்தி சுட்ட தழும்பு இருக்கும் என்று எழுதினேன். உபதேசியார் சிரித்துக்கொண்டே பிழை திருத்தினார். என் மகன் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை, அவனுக்கே போதவில்லை என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. சந்தனத்தின் வீட்டை மட்டும் சேர்க்கவில்லை. "எனக்கு வேணாம், என் நாற்காலிதான உங்கள மாட்டி விட்டுச்சு" என்று அவனே சொல்லிவிட்டான். வருகிற புதன்கிழமை நானும் செல்வியும் கொண்டுவருகிறோம். நீ பயப்படுகிற மாதிரியே பெயர்களை வெளியே ஒட்டுவார்கள். தோட்டத்தின் பெயர், லயத்து நம்பர், என் பெயர் எல்லாம் இருக்கும்.

புத்தி சொல்கிறேன் என்றேன் அல்லவா. இதுதான். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கிழமை முழுக்க அரைப் பேர்தான் விழுந்தது. உன் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, முழுப் பேர் வாங்கினவன் மாதிரி நடந்துகொண்டேன். மூன்றாம் நாள் அவள் அடுப்பில் இருந்து திரும்பாமலே சொன்னாள். "அரைப் பேருன்னா அரைக் கொத்து அரிசி போடுறேன். அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" அன்றைக்குப் பிறகு நாங்கள் எத்தனையோ நாள் அரைவயிறு கிடந்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து கிடக்கவில்லை. ஷாமினி நல்ல பிள்ளையாக இருக்கலாம். நீ அவளுக்கு அதைக் காட்ட ஒரு வாய்ப்பே கொடுக்கவில்லை. சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் நீயே அவளிடம் போய்ச் சொல். இப்போது சொன்னால் உன் வாய்ச் சொல். பிறகு என்றால் அது அடுத்தவர்கள் வாய்ச் சொல்லாகிவிடும்.

கல்யாணத்துக்கு எனக்கு வாடகைக்குக் கோட்டு எடுத்து அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். என்னிடம் வெள்ளைச் சட்டை இருக்கிறது. கோயில் பதிவில் அப்பாவின் கையெழுத்து கேட்பார்கள் என்று உபதேசியார் சொன்னார். பழகிக்கொண்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்று சொன்னால் ஒழிய வருவேன். வேண்டாம் என்றால், அதையாவது தமிழில் என்னிடமே சொல்.

இந்தக் கடிதத்தை நீ தங்கியிருக்கிற ரூமுக்கு அனுப்பவில்லை, ஆபீஸுக்குத்தான் அனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், உள்ளே இருப்பது உனக்கு மட்டும். ஆனால் பின்பக்கத்தில் அனுப்புபவர் என்று போட்டு, என் பெயர், தோட்டம், லயத்து நம்பர், காம்பரா நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்திலேயே நேராக வந்த எழுத்து அதுதான். தபாலை மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு வருகிறவர் உன் மேசைக்கும் வருவார். கவுண்டரில் இருக்கிற அந்தப் பிள்ளை, யாரிடமிருந்து என்று கேட்டாலும் கேட்பாள். யார் இவர் என்று அன்றைக்கு அவள் கேட்டதும் அதே கேள்விதான். இந்தத் தடவை நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியவராது. அதனால் அடுத்த கிழமையும் எழுதுவேன், அதே மேசைக்கு, பின்பக்கத்தில் அதே விலாசத்தோடு. அதற்குள் என் எழுத்தும் கொஞ்சம் நேராகிவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா